மேலேயிருந்து வந்த கடிதாசி

அவர் எதையும் இரண்டாம் தடவை சொன்னதில்லை. ஒரு தடவைதான் சொல்வார், அதுவும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில். "என்னங்க மிஸியம்மா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவர்கள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கையில் இருக்கிற வேலையைத் தொடர்வார். அதில் கோபம் இருக்காது, அலுப்புதான். ஐம்பது வயதுக்குள் ஒரு மனுசிக்கு அவ்வளவு அலுப்பு வரமுடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இலங்கையின் பதுளை மலைப்பக்கம் மடுல்சீமைக்கும் மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு மைல் ஏறிப்போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் மருத்துவிச்சியாக இருந்தார். ஆஸ்பத்திரித் தாதியை மிஸி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதோடு அம்மாவும் சேர்ந்து அவர் எல்லாருக்கும் மிஸியம்மா ஆகிவிட்டார். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் முன்பு ஒரு டாக்டர் ஐயா இருந்தார். அவர் ஓய்வுபெற்றுப் போனபின் அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. காய்ச்சல், வெட்டுக்காயம், குளவிக்கொட்டு, பிரசவம் எல்லாம் மிஸியம்மா தலையில்தான். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மருந்து அலுமாரி, துணி காயப்போட ஒரு தாழ்வாரம். மதியம் ஆட்கள் குறைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். யாராவது வாசலில் நிழலாடினால் கண் தானாகத் திறக்கும்.

நான் அங்கே போனது ஒரு செய்மதித் திட்டத்துக்காக, சட்டலைட்டு வேலைக்கு. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலக்காரன், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். கொழும்பில் ஒரு அமைப்பு, ரோடு சரியில்லாத தோட்டங்களை செய்மதி வழியாகப் பெரிய டாக்டர்களோடு இணைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. முதல் தோட்டம் அது. கூரையில் ஒரு டிஷ், உள்ளே ஒரு கம்பியூட்டர், கேமரா, பிரிண்டர், கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். இவற்றைப் பொருத்தி ஒரு வருடம் கூட இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்: இனி தூரம் என்று ஒன்று இருக்காது, வருங்காலத்தில் டாக்டர் மனிதரைத் தேடி வானத்தின் வழியாக வருவார். நான் அதை முழுசாக நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

டிஷ்ஷைக் கூரையில் ஏற்றிய அன்று தொழிலாளர் குடியிருக்கிற லயங்களிலிருந்து பிள்ளைகளும் பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். மிஸியம்மா தாழ்வாரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல இருக்குங்க அது. நாம பேசுறது அங்க போயி, திரும்பிக் கொழும்புக்கு எறங்கும்."

"எவ்வளவு நேரத்துல?"

"கால் செக்கன்ல."

அவர் துணியை மடித்து முடித்தார். "இங்கேருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு லொறில மூணு மணித்தியாலம் தம்பி" என்றார். குறை சொல்கிற தொனியே இல்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

இன்னொரு நாள் பொழுது சாய்கிற நேரம். மழை விட்டு வானம் துடைத்தது மாதிரி இருந்தது. ஒரு வெளிச்சப் புள்ளி நட்சத்திரங்களுக்கு நடுவே நிதானமாக ஊர்ந்து போனது. தண்ணீர் கொதிக்க வைக்கப் போனவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தரையைப் படம் பிடித்துக்கொண்டு சுற்றுகிற வகையாக இருக்கலாம் என்றேன். அது மலைக்குப் பின்னால் மறைகிறவரை கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தார்.

"அதுக்கு நம்ம ரோட்டு தெரியுமா?"

"தெரியுங்க."

"பாத்தவங்க ஒண்ணும் சொல்லலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

வானத்தைப் பற்றி அவருக்குப் பயமோ பக்தியோ கிடையாது. தொண்ணூறுகளில் ஒரு சூரிய கிரகணம் வந்தபோது கர்ப்பிணிப் பெண்களைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எனக்குச் சொன்ன கதை. மிஸியம்மா லயம் லயமாகப் போய், "பசியோட இருக்காதீங்க, மயக்கம் வரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். யாரும் அசையவில்லை. அவர் லயத்து முற்றத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, வெளிச்சம் மங்கிக்கொண்டு வர வர, கொண்டுபோயிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. "வாயத் தொறந்து இன்னொரு வாட்டி சொல்லியிருந்தா எல்லாரும் வந்திருப்பாங்க" என்றார் அந்த அம்மாள். "அதான் அவங்ககிட்ட இல்லியே."

ஏன் இல்லை என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். மழையில் ஆள் வராத ஒரு மத்தியானம். அவர் பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த உருண்டையைத் திரட்டி முடித்தார். பிறகு சொன்னார்.

"வேலைக்கு வந்த புதுசுல லொறி கேட்டு ஆபீசுல சத்தம் போட்டுப் பாத்தேன் தம்பி. பொம்பள பயந்துட்டா, ஒண்ணும் இருக்காதுன்னாங்க. அப்புறம் மெதுவா சொல்லிப் பாத்தேன். மெதுவாத்தானே சொல்றா, அவசரம் இருக்காதுன்னாங்க. எப்பிடிச் சொன்னாலும் ஒண்ணுதான். மெதுவா சொன்னா தொண்டையாச்சும் மிஞ்சும்."

அப்போது தோட்டத்தை நிர்வகித்த ஒரு துரையின் காலத்தில், கொழுந்து இறக்கிவிட்டு லொறி வரட்டும் என்று காக்கவைத்த ஒரு பெண் பாதி வழியில் செத்துப்போனதையும் அன்றுதான் சொன்னார். மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, பஞ்சை டப்பாவில் போட்டு மூடினார்.

திட்டம் தொடங்கி மூன்றாம் மாதம் வசந்தி வந்தாள். மூன்றாவது பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். சேலை நனைந்திருந்தது. "வலிக்குதா?" என்று மிஸியம்மா கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். வலியில்லாமல் இரத்தம் போகிறது என்றதும் அவர் முகத்தில் ஏதோ இறுகியது. அவளைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி வைத்துவிட்டு, தோட்டத்துக்குள் மட்டும் பேசக்கூடிய போனை எடுத்து ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் சொன்னார்.

"நஞ்சுக்கொடி முன்னால கெடக்குது. இங்க வச்சிருக்க ஏலாது. லொறி வேணும்."

மேல் டிவிசனில் கொழுந்து ஏற்றுகிறார்கள், பெக்டரியில் இறக்கிவிட்டு அனுப்புகிறேன், இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ஒங்க டாக்டரக் கூப்பிடுங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. படம் உடைந்து உடைந்து வந்தது. குரல் தெளிவாக இருந்தது. ஒரு இளம் பெண் டாக்டர். மிஸியம்மா சிங்களத்தில் நிலைமையைச் சொன்னார். உள்ளே சோதித்துப் பார்த்தீர்களா என்று அந்தப் பெண் கொஞ்சம் பதற்றத்தோடு கேட்டார். பார்க்கவில்லை, கை பட்டால் இரத்தம் கொட்டிவிடும், பார்க்கக் கூடாது என்று தெரியும் என்றார் இவர். அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நீங்கள் சொல்வதுதான் சரி. உடனே அனுப்புங்கள்."

"இதை எழுத்தில் அனுப்புவீர்களா? துரைக்குக் காட்டவேண்டும்" என்றார் மிஸியம்மா.

ஐந்து நிமிடத்தில் பிரிண்டரில் கடிதம் வந்தது. தலைப்பில் அமைப்பின் சின்னம், கீழே டாக்டரின் கையெழுத்து, நடுவே இரண்டு வரி. மிஸியம்மா போனில் சொன்ன அதே இரண்டு வரி, இங்கிலீஷில். நான் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கர் வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டார். துரைக்குப் போன் போனது. ஏற்றிய கொழுந்தை ரோட்டோரத்திலேயே கொட்டிவிட்டு லொறி இருபது நிமிடத்தில் டிஸ்பென்சரி வாசலுக்கு வந்தது.

நானும் கூடப் போனேன். சாக்குகளை விரித்து வசந்தியைப் படுக்கவைத்து, அவள் வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மிஸியம்மா மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தார். பதுளையில் ஆபரேசன் செய்தார்கள். தாயும் பெண் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் சந்தோசத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். "பாத்தீங்களா மிஸியம்மா, சட்டலைட்டு என்ன செய்யுதுன்னு" என்றேன். பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "ஆமா தம்பி. இருபது வருசமா நான் செய்யாதத செஞ்சிருச்சு" என்றார்.

டிஷ் காப்பாற்றிவிட்டது என்று தோட்டம் பூராவும் பேச்சு. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடித்தார்கள். கேமராவுக்கு முன்னால் அவரை நிறுத்திக் கேட்டதற்கு, "நல்லா வேலை செய்யுதுங்க" என்றார். அதன்பிறகு எதற்கும் அவர் கடிதம் வாங்கிவிடுவார். தனக்கு நன்றாகத் தெரிந்த விசயத்துக்கும் டாக்டரைக் கூப்பிட்டு, இரண்டு வரி வாங்கி, ஆபீசுக்கு அனுப்புவார். லொறி வந்துவிடும். பிரிண்டரில் தாள் தீர்ந்தால் எனக்கு முன்னால் அவர் கவனிப்பார்.

அந்தக் கடிதம் அவருக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பத்தாம் மாதத்தில்தான் புரிந்தது. இடி விழுந்து டிஷ்ஷின் பெட்டி எரிந்துபோயிருந்தது. புதியது வர ஒரு கிழமை, ஏழு நாளாவது ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு சாந்தி என்கிற பெண்ணை அவளுடைய நாத்தனார் கூட்டிவந்தாள். தலைப்பிரசவம், எட்டு மாதம். முகமும் கையும் ஊதியிருந்தன. தலை வெடிக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். மிஸியம்மா பிரசர் பார்த்தார். ஒரு தடவை பார்த்தவர் மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"வலிப்பு வரப்போவுது. லொறி வேணும்."

பெரிய கிளாக்கர் கெட்ட மனிதர் அல்ல. அவர் குரல் எனக்கும் கேட்டது. "டாக்டர்கிட்ட பேசிட்டீங்களா மிஸியம்மா? கடிதாசிய அனுப்புங்க, ஒடனே எடுத்துறலாம். கடிதாசி இல்லாம லொறி குடுக்க வேணாம்னு தொரை சொல்லிட்டாரு."

முன்பெல்லாம் அவர் சொல்லுக்குப் பாதியாவது மதிப்பு இருந்தது. பத்துக்கு ஐந்து தடவை லொறி வரும். இப்போது அதுவும் இல்லை.

அவர் என் மேசைக்கு வந்தார். "பழைய கடிதாசி மெசின்ல இருக்குதானே. பேர மாத்துங்க. என்ன வருத்தம், என்ன நோய்னு நான் சொல்றேன்."

"மிஸியம்மா, டாக்டரோட கையெழுத்து அதுல இருக்குங்க..."

அவர் சாந்தியின் கட்டிலுக்குத் திரும்பிப் போய், அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். வேலை போகும், போலீஸ் கேஸ்கூட ஆகலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. சாந்தி, "வெளிச்சமா இருக்கு, சன்னல மூடுங்க" என்றாள். வெளியே மழை இருட்டு. நான் வசந்தியின் கடிதத்தைத் திறந்து பெயரை அழித்தேன்.

லொறி வந்தது. ஏறுகிற நேரத்தில் சாந்திக்கு முதல் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டாவது. மூன்றாவது வந்திருந்தால் கஷ்டம் என்று பதுளையில் சொன்னார்களாம். அவள் பிழைத்தாள். ஆண் பிள்ளை, சின்னதாக இருந்தாலும் பிழைத்தது.

பதுளையிலிருந்து ஒரு டாக்டர், சரியான நேரத்தில் அனுப்பியதற்கு நன்றி சொல்லி, கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தவருக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தால்தான் விசயம் வெளியே வந்தது. கையெழுத்திட்டிருந்தவர் அந்தக் கிழமை முழுக்க லீவில் இருந்தாராம்.

ஆபீசில் விசாரணை வைத்தார்கள். துரை, பெரிய கிளாக்கர், கொழும்பிலிருந்து எங்கள் திட்ட அதிகாரி. எல்லார் பார்வையும் என்மேல் இருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் மிஸியம்மா சொன்னார்.

"நான்தான் கடிதாசிய அடிச்சேன்."

திட்ட அதிகாரி சிரித்துவிட்டார். "அம்மாவுக்குக் கம்பியூட்டர் தெரியுமா?"

மிஸியம்மா எழுந்து நடந்தார். எல்லாரும் மழையில் குடை பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் டிஸ்பென்சரிக்குப் போனோம். அவர் ஸ்விட்சைப் போட்டார், திரை வரும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, பிரிண்டரை ஓடவிட்டு, தாளை எடுத்துத் துரையிடம் நீட்டினார். பத்து மாதம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ அந்த நேரம் எங்கே இருந்தாய்?"

"கூரை மேல, டிஷ்ஷப் பாத்துக்கிட்டிருந்தேங்க" என்றேன்.

மிஸியம்மா கம்பியூட்டரை அணைத்து, அதன் துணி உறையைப் போட்டு மூடினார்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். நான் வருடம் முடிகிறவரை இருந்தேன். கடைசியில் திட்டத்தின் அறிக்கையை எழுதும் வேலையும் எனக்குத்தான் வந்தது. காப்பாற்றப்பட்ட தாய்மார் என்று ஒரு பகுதி. வசந்தியை எழுதினேன். சாந்தியையும் எழுதினேன். விசாரணை பற்றி எதுவும் வேண்டாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அந்த அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லி என்னை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் செய்மதி வேலைதான் பார்க்கிறேன். விண்வெளி நம் வருங்காலத்தை எப்படி மாற்றப்போகிறது என்று பேசக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பேசுகிறேன். ஒரு ஜோடி சப்பாத்து வைக்கிற பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்ட செய்மதிகளைப் பற்றி, மழைக்கு முன்பே மண்சரிவைச் சொல்லப்போகிற கருவிகளைப் பற்றி. பேசிவிட்டு வந்தால் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும்.

நாலைந்து வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, அவர் ஹாலிஎலயில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க தம்பி" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், கூரை மேல் இருந்ததாகச் சொன்ன பொய்யிலிருந்து அறிக்கைவரை. சாந்தி அதில் இருப்பதையும் சொன்னேன்.

"செய்மதி காப்பாத்துனதா எழுதிட்டேங்க. ஒங்களப் பத்தி ஒரு வரி எழுதல."

அவர் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "அந்த அறிக்கைய வச்சி வேற எடத்துக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"இன்னும் நாலு தோட்டத்துக்கு டிஷ் குடுத்தாங்க."

"ரோட்டு?"

"இல்லீங்க."

கத்தரித்ததை உறையில் போட்டு மடித்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப விடுங்க. அந்த நாலு எடத்துலயும் யாராச்சும் ஒரு மிஸி கடிதாசி வாங்கிக்குவா."

உறையில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று எழுதி, எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்தார். அந்த ஆள் எப்போது சாப்பிடவேண்டும் என்று மறுபடி கேட்டான். அவர் உறையைத் திருப்பி எழுத்தைக் காட்டினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஸ்டேசனுக்கு இறங்கிப் போனேன்.